ஏழரை வாரமாகியும் துடிப்பு தெரியவில்லை: மாத்திரைக்கு முன் எண்ண வேண்டிய நாட்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகி எழுதியிருக்கிறார். அத்தை மகனையே மணந்தவர். கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து நாள் தள்ளிப்போனது. இவருக்கு எப்போதுமே 36 நாளிலிருந்து 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 33ஆம் நாள் கார்டு டெஸ்ட் செய்ததில் ஒரு கோடுதான் வந்தது. 40ஆம் நாள் இரண்டு கோடு.

54ஆம் நாள் வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கருப்பைக்குள் கருவைச் சுற்றிய நீர்ப்பை, சராசரி 15 மி.மீ.; அதனுள் யோக் சாக் (தொடக்கத்தில் கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை) இருக்கிறது; கருவின் நீளம் 4 மி.மீ.; துடிப்பு தெரியவில்லை என்பது ரிப்போர்ட். உள்வழியாக இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஸ்கேன் எடுத்த மருத்துவர் சொன்னதற்கு, “கருவி உள்ளே போனா கரு கலைஞ்சிடும்” என்று அத்தை ஒப்பவில்லை. பிறகு வேறு ஒரு கிளினிக்கில், “ஏழரை வாரம் ஆச்சு, ஹார்ட் பீட் வரல, இனி வராது, மூணு நாள்ல வந்து மாத்திரை வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாகப் பழுப்பு நிறத்தில் லேசான கசிவும் இருக்கிறது. மாம்பழம் சாப்பிட்டதாலா, பாலக்கோட்டிலுள்ள அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போய்வந்ததாலா, சொந்தத்துக்குள் கட்டியதாலா என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கணவர் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் ஒரு டாப்ளர் கருவி வாங்கி வந்தார்; அதிலும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து ஊரில் இரவில் வீட்டுக்கே வந்து ஸ்கேன் பார்ப்பவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடலாம் என்ற பேச்சும் நடக்கிறது. “மாத்திரை போடட்டுமா, காத்திருக்கட்டுமா?” என்று கேட்கிறார். நாள் முக்கியம் என்பதால் இவருக்குச் சுருக்கமான பதிலை உடனே அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் விரிவான பதில் இங்கே.

அன்புள்ள சகோதரி,

கருவை வெளியேற்றும் மாத்திரை இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளை வைத்து இந்தக் கரு நின்றுவிட்டது என்று எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறது என்றும் என்னால் உறுதி தர முடியாது. உங்கள் கடிதத்தில் நம்பிக்கைக்கு இடம் தரும் விவரங்கள் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியாமலே எழுதியிருக்கிறீர்கள். அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏழரை வாரம் என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு 14ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு முட்டை வெளிவருவதும் தள்ளிப்போகும். அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு அது நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சுழற்சி சராசரியாக 38 நாள். ஆக, முட்டை வெளிவந்தது 24ஆம் நாள் வாக்கில். பொதுக் கணக்கிலிருந்து 10 நாள் தாமதம்.

உங்கள் கார்டு டெஸ்ட்டும் இதையே சொல்கிறது. 14ஆம் நாளே முட்டை வெளிவந்து கரு உருவாகியிருந்தால், 33ஆம் நாளில் 19 நாள் ஆகியிருக்கும். கார்டில் இரண்டு கோடு அநேகமாக வந்தே இருக்கும். 24ஆம் நாள் என்றால் 33ஆம் நாளில் ஒன்பது நாள்தான் ஆகியிருக்கும். அப்போது கார்டு பெரும்பாலும் எதையும் காட்டாது. 40ஆம் நாள் காட்டும். நடந்தது அதுதான்.

அப்படியானால் ஸ்கேன் எடுத்த 54ஆம் நாளில் அந்தப் பத்து நாளைக் கழித்த உண்மையான கர்ப்பக் கணக்கு 44 நாள், அதாவது 6 வாரம் 2 நாள். 15 மி.மீ. நீர்ப்பையும் 4 மி.மீ. கருவும் ஆறு வாரத்தைச் சில நாள் தாண்டிய கருவுக்குரிய அளவுகளே. கரு வளராமல் நின்றிருந்தாலும் இதே அளவில் நின்றிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் சுழற்சி, கார்டு, ஸ்கேன் அளவு மூன்றும் ஒரே நாளைச் சுட்டும்போது, ஏழரை வாரம் என்று வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது தவறு.

துடிப்பு எப்போது தெரியும், இல்லை என்று எப்போது சொல்லலாம்

உள்வழி ஸ்கேனில் ஐந்தாவது வாரத்தை ஒட்டி நீர்ப்பை தெரியும். ஐந்தரை வாரத்தில் யோக் சாக், ஆறு வாரத்தில் கருவும் துடிப்பும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது இவை ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தித்தான் தெளிவாகத் தெரியும். ஒலி அலை தோல், கொழுப்பு, சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் கடந்து போய்த் திரும்புகிறது. கருவோ எள்ளைவிடச் சற்றே பெரிது. உடல் பருமனாக இருந்தால், சிறுநீர்ப்பை சரியாக நிரம்பாவிட்டால், கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் மங்கும்.

2013இல் அமெரிக்க அல்ட்ராசவுண்ட் வல்லுநர் குழு வெளியிட்ட வரையறைகளைத்தான் உலகெங்கும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லையென்றால், அல்லது நீர்ப்பையின் சராசரி 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கருவே இல்லையென்றால், கர்ப்பம் தொடராது என்று சொல்லலாம். அதற்கு முன்பு பல இடங்களில் 5 மி.மீ. என்றே வைத்திருந்தார்கள். ஒரே கருவை இரண்டு பேர் அளந்தால் சிறிய வேறுபாடு வரும்; அந்த வேறுபாட்டால் உயிரோடு இருக்கும் ஒரு கரு கூடக் கலைக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வரம்பை உயர்த்தினார்கள். உங்கள் கரு 4 மி.மீ. அதுவும் வயிற்று ஸ்கேனில் அளந்தது. 7 மி.மீ.க்குக் குறைந்த கருவில் துடிப்பு தெரியாவிட்டால் “சந்தேகம், மறுபடி பார்க்க வேண்டும்” என்பதோடு நிறுத்த வேண்டும்.

மறுபடி எப்போது? மூன்று நாளில் பார்ப்பதில் பயனில்லை. இந்தப் பருவத்தில் கரு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் 7 மி.மீ. ஆகுமா ஆகாதா என்ற அதே குழப்பத்தில்தான் நிற்போம். முதல் ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் போக வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது அந்த ஸ்கேனிலிருந்து 11ஆம் நாள். காரணம் இருக்கிறது: யோக் சாக்கோடு நீர்ப்பை தெரிந்த ஸ்கேனிலிருந்து 11 நாள் அல்லது அதற்கு மேல் கழித்தும் துடிப்புள்ள கரு தெரியவில்லையென்றால் அதுவும் உறுதியான அடையாளம் என்று அதே வரையறை சொல்கிறது. ஆகவே 11ஆம் நாள் உள்வழி ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒரே தடவையில் விடை கிடைத்துவிடும். அதற்குமுன் நிம்மதி இல்லாமல் ஏழாம் நாளே போனாலும் தவறில்லை. துடிப்பு தெரிந்துவிட்டால் நல்லது, தெரியாவிட்டால் இன்னொரு முறை போக வேண்டியிருக்கும்.

காத்திருப்பதால் உங்கள் உடலுக்கு ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றுபோன கரு சில நாள் உள்ளே இருப்பதால் உடம்பில் விஷம் ஏறும் என்பது வீண் பயம். பொதுவாக ஒன்றும் ஆகாது. பின்னால் சொல்லும் அபாய அறிகுறிகள் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். அவசரப்பட்டு மாத்திரை போட்டுவிட்டால் திருத்தவே முடியாது. பத்து நாள் பொறுப்பதால் இழக்க ஒன்றுமில்லை.

உள்வழி ஸ்கேனால் கரு கலையாது

அத்தையின் பயம் புரிகிறது. இந்தப் பக்கம் பல வீடுகளில் இருக்கும் பயம்தான். அவரை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். அந்தக் கருவி விரலைவிடச் சற்றுத் தடிமனான ஒரு குழல். ஆணுறை போட்டு, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் உள்ளே சில அங்குலம்தான் போகும். கருப்பை வாயைத் தாண்டி உள்ளே போகாது. கருவைத் தொடவும் தொடாது. ஐந்து முதல் பத்து நிமிடம். கசிவு இருக்கும்போதும் எடுக்கலாம். எடுத்த பிறகு கசிவு வந்தால் அது ஏற்கெனவே இருந்த கசிவுதான்.

வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போனீர்கள். இதற்கு நேர்மாறு: போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். உடன் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். புதுத் தாளை விரித்து, புது ஆணுறை போடுவதை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

வெளிவரும் ரிப்போர்ட்டில் சில விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நீர்ப்பையின் மூன்று அளவும் சராசரியும், கருவின் நீளம், யோக் சாக்கின் அளவு, துடிப்பு இருந்தால் நிமிடத்துக்கு எத்தனை, நீர்ப்பையை ஒட்டி ரத்தம் தேங்கியிருக்கிறதா, சினைப்பைகள் எப்படி இருக்கின்றன. “ஹார்ட் பீட் இல்லை” என்று வாய்ச்சொல்லில் அனுப்பினால் ஏற்காதீர்கள். படத்தோடு நகல் கேளுங்கள். சிகிச்சை விவரங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி.

துடிப்பைக் காதால் கேட்க வேண்டும் என்று இந்த வாரங்களில் வற்புறுத்த வேண்டாம். ஒலி கேட்கப் பயன்படும் டாப்ளர் முறை கருவின் ஒரே புள்ளியில் அதிக ஆற்றலைச் செலுத்துகிறது. முதல் மூன்று மாதத்தில் தேவையின்றிப் பயன்படுத்துவதில்லை. எம்-மோட் என்ற முறையில் அலைக்கோடாகப் பார்த்து எண்ணுவதே போதும். கணவர் வாங்கிய கருவியை எடுத்து வைத்துவிடுங்கள். 12 வாரத்துக்கு முன் அதில் கேட்காது. உங்கள் சொந்த நாடித்துடிப்பைக் குழந்தையினுடையது என்று நினைத்து ஏமாறவும் கூடும்; பின்னாட்களில் அந்த ஏமாற்றம் உண்மையிலேயே ஆபத்தாகும்.

கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் எடுக்கச் சொல்லியிருந்தால், உங்களுக்கு அது பெரிதாக உதவாது. கருப்பைக்குள் யோக் சாக்கே தெரிந்த பிறகு விடை சொல்வது ஸ்கேன்தான். கருப்பைக்குள்ளேயே தெரிவதால் குழாய்க் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பும் மிக மிக அரிது. புரோஜெஸ்டிரான் மாத்திரை கொடுத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஆனால் நின்ற துடிப்பை எந்த மாத்திரையும் ஊசியும் வரவழைக்காது. ஃபோலிக் அமிலம் தினமும் தொடரட்டும். படுத்தே கிடப்பதால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வழக்கமான வீட்டு வேலை செய்யலாம்.

மாம்பழம், பேருந்து, சொந்தத்தில் திருமணம்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் சாப்பிடாத கர்ப்பிணி யார்? பழுத்த மாம்பழத்தால் கரு கலையாது. பேருந்தில் பாலக்கோடு போய்வந்ததாலும் கலையாது. முதல் மூன்று மாதத்தில் நின்றுபோகும் கருக்களில் சுமார் பாதியில், கரு உருவாகும் கணத்திலேயே குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கும். அதைத் தாயின் உணவோ நடையோ உண்டாக்குவதில்லை, தடுக்கவும் முடியாது. உங்கள் மீது யாராவது பழி சொன்னால் இந்தப் பத்தியை அவர்களிடம் காட்டுங்கள்.

அத்தை மகனை மணந்தது பற்றி நேராகச் சொல்கிறேன். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், முறைப்பெண், முறைமாப்பிள்ளை திருமணங்களில் அது நான்கு முதல் ஆறு வரை ஆகலாம். மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். ஆறாவது வாரத்தில் துடிப்பு தெரியாததற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது. கர்ப்பம் தொடர்ந்தால், இருவர் வீட்டிலும் காது கேளாமை, வலிப்பு, சிறு வயதில் இறந்த குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றியவர் யாராவது உண்டா என்று கேட்டு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையையும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்பு வளர்ச்சி ஸ்கேனையும் விடக் கூடாது.

இரவில் வீட்டுக்கு வரும் ஸ்கேன்

இதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. வேண்டவே வேண்டாம். பில் தராமல், ரிப்போர்ட் தராமல், சிறு கருவியைக் கொண்டுவந்து பார்ப்பவர்களின் தொழில் துடிப்பு பார்ப்பதன்று. ஆணா பெண்ணா என்று சொல்வது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இப்படிப்பட்டவர்கள் கைதான செய்திகளைத் தொடர்ந்து பார்க்கிறோம். பெண் குழந்தைகளைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மண் இது. ஆறு வாரக் கருவில் பாலினம் யாருக்கும் தெரியாது. வெளியுறுப்புகள் இரண்டு பாலுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்ததாகச் சொல்பவர் பணத்துக்காகப் பொய் சொல்கிறார். அவர் “கரு சரியில்லை” என்று சொல்லிக் கையில் மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போவார்.

1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்யாத இடத்தில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதே குற்றம். பாலினம் அறிய ஏற்பாடு செய்யும் உறவினருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே சட்டம் முதலில் கருதும். ஆகவே வழக்கு அவர்கள் மீதுதான் திரும்பும். ஸ்கேன் சென்டரில் ஆதாரைக் கேட்டு உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களே, பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அது எஃப் படிவம். எந்தக் காரணத்துக்காக ஸ்கேன் என்றும், பாலினம் அறிய விரும்பவில்லை என்றும் பதிவு செய்வது. அதைக் கேட்கும் இடம்தான் முறையான இடம்.

11ஆம் நாள் தெரியப்போவது

கரு வளர்ந்திருந்தால் அன்று சுமார் 15 மி.மீ. இருக்கும், துடிப்பு நிமிடத்துக்கு 140க்கு மேல் இருக்கும். அளவு ஓரிரண்டு மி.மீ. முன்பின் இருப்பது இயல்பு. துடிப்பு 100க்குக் கீழே மெதுவாக இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே ஒரு காரியம் செய்யுங்கள்: பிரசவத் தேதியை ஸ்கேன்படி திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஒன்பது வாரத்துக்கு முந்தைய ஸ்கேனில் ஐந்து நாளுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் வேறுபாடு. திருத்தாமல் விட்டால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேன் முன்கூட்டியே நடந்து பயனில்லாமல் போகும். கடைசியில் “தேதி தாண்டிவிட்டது” என்று அவசியமில்லாமல் வலி வரவழைப்பார்கள்.

துடிப்பு இல்லை என்று உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. தானாக வெளியேற ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கலாம், மாத்திரையால் வெளியேற்றலாம், உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யலாம். மூன்றுமே ஏற்கத்தக்கவை. உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி கிடைக்குமா, கணவர் உடனிருப்பாரா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். தனியாக இருக்கும் நாளில் மாத்திரை எடுப்பது சரியல்ல. பிடித்து இழுக்கும் வலியும் மாதவிடாயைவிட அதிகமான ரத்தப்போக்கும் சில மணி நேரம் இருக்கும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கவே கூடாது. கருவி வழியைத் தேர்ந்தால், சுரண்டி எடுக்கும் பழைய முறை வேண்டாம், உறிஞ்சும் முறை வேண்டும் என்று கேளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தேவையில்லை. ஒருமுறை இப்படி ஆனவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே அமைகிறது.

உங்கள் ரத்த வகையை எழுதவில்லை. இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால், கருச்சிதைவோ சுத்தம் செய்வதோ நடந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வரலாம்.

இப்போதுள்ள பழுப்புக் கசிவு பழைய ரத்தம். அதற்காகப் பதற வேண்டாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து அது அடுத்த மணி நேரமும் தொடர்ந்தால், ஒருபக்க அடிவயிற்றில் கடும் வலி வந்தால், தோள்பட்டை நுனியில் வலித்தால், கண் இருட்டி மயக்கம் வந்தால், காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் 108ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கணவர் ஓசூரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

துடிப்பு தெரிந்த பிறகுதான் நர்ஸிடம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே பதிவு செய்து பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும். பதிவு செய்ய ஸ்கேனில் துடிப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது.

11ஆம் நாளுக்குக் கணவரை விடுப்பு எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் படங்களையும் எடுத்துப் போங்கள். 33ஆம் நாள் ஒரு கோடு, 40ஆம் நாள் இரண்டு கோடு, சுழற்சி 36 முதல் 40 நாள் என்பதை ஒரு தாளில் எழுதி, ஸ்கேன் தொடங்கும் முன்பே மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்.